கேரண்டி கேட்ட தம்பிக்கு



போன வாரம் ஒரு போன் வந்தது. தென்னைக்குத் தண்ணீர் மாற்றி விட்டுக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் சேறு. வேட்டியில் துடைத்துவிட்டு எடுத்தேன்.

"அண்ணா, கோயம்புத்தூர்ல இருந்து பேசறேங்க. உங்க தோட்டத்துப் பள்ளத்துல சோலைபாடி இருக்குதாமாங்க?"

"இருக்குதுங்க தம்பி."

"சனிக்கிழமை வந்தா கேரண்டியா கிடைக்குங்களா? நாங்க ஆறு பேரு. தலைக்கு ஆயிரம் தந்தர்றோம்."

"கேரண்டி எப்படிங்க தம்பி குடுக்கறது? அது பறவை. அதுக்கு இஷ்டம் இருந்தா வரும்."

"அதுக்கு நீங்க கவலைப்படாதீங்கண்ணா. ஸ்பீக்கர் நாங்களே கொண்டாந்தர்றோம்."

"அப்படின்னா வேண்டாங்க தம்பி" என்று வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சோறு திங்கும்போதும் அதே ரோசனை. மரியாதையாகக் கேட்ட பையன். முகத்தில் அடித்த மாதிரி போனை வைத்திருக்க வேண்டாம், காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது போனில் ரெண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற காரணம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்தத் தம்பிக்கு மட்டும் இல்லை. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்கு வருகிற எல்லோருக்கும்தான். சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும். நானும் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆனைமலை அடிவாரத்தில் எனக்கு நாலரை ஏக்கர். தென்னை, ஊடே கொஞ்சம் வாழை, கொஞ்சம் ஜாதிக்காய். கிழக்கே தார் ரோடு, மேற்கே பள்ளம். பள்ளம் என்றதும் குழி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கம் ஓடையைத்தான் பள்ளம் என்போம். அதன் ரெண்டு கரையிலும் மூங்கில், மருதமரம், புங்கமரம். கீழே ஆள் நுழைய முடியாத புதர். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் காடு. அந்தப் புதருக்குள்தான் நம்ம ஆள் குடியிருக்கிறான்.

சோலைபாடி என்பது புத்தகத்தில் இருக்கிற பேர். எங்கப்பாரு "பள்ளத்துப் பாட்டுக்காரன்" என்பார். குண்டுக்கரிச்சானை நீங்கள் டவுனிலேயே பார்த்திருப்பீர்கள். கருப்பு வெள்ளையாக, வாலைத் தூக்கிக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்திருக்குமே, அதுதான். அதுக்குப் பங்காளி இவன். தலை, முதுகு, நெஞ்செல்லாம் எண்ணெய் தடவின மாதிரி கருப்பு. வயிறு புதுச் செங்கல்லை உடைத்தால் உள்ளே தெரிகிற நிறம். வால் நீளம். இடுப்பில் ஒரு வெள்ளைத் திட்டு, பறக்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். பெட்டை கொஞ்சம் மங்கல். ஆணுக்குக் கருப்பு இருக்கிற இடத்தில் பெட்டைக்குச் சாம்பல், வாலும் குட்டை. எடை என்று பார்த்தால் 30 கிராம் சொச்சம். ஒரு கோழிமுட்டையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

கூச்சக்காரன். வெயிலுக்கு வெளியே தலைகாட்ட மாட்டான். விடிகிறதுக்கு முன்னாலும், பொழுது இறங்கின பிறகும்தான் அவனுக்கு நேரம். மற்ற பறவையெல்லாம் அடைந்த பிறகும் மூங்கிலுக்குள் இவன் குரல் ஓடிக்கொண்டிருக்கும். தாழ்ந்த கொப்பில் உட்கார்ந்து கீழே சருகையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு வண்டோ வெட்டுக்கிளியோ அசைந்தால் குதித்து எடுத்துக்கொண்டு மறுபடி கொப்புக்குப் போய்விடுவான். தரையில் சருகு இல்லை என்றால் இவனுக்குச் சோறு இல்லை. புதர் இல்லை என்றால் வீடு இல்லை.

பாட்டைப் பற்றி எழுதினால் எழுதிக்கொண்டே போகலாம். புல்லாங்குழல் மாதிரி ஒரு இழுப்பு, உடனே கீழே ஒரு குழைவு, ஒரு நிறுத்தம். அடுத்தது முன்னே பாடினது மாதிரியே இருக்காது. நடுவில் வால்காக்கை கத்தின மாதிரி ஒன்று வரும், கரிச்சான் விசிலடித்த மாதிரி ஒன்று வரும். மற்ற பறவைகளின் குரலை எடுத்துத் தன் பாட்டுக்குள் கோத்துக்கொள்கிற கெட்டிக்காரன். அதே ஆள் பயந்தால் பாட்டே வராது. ரெண்டு கூழாங்கல்லைத் தட்டின மாதிரி "டக்... டக்... டக்" என்பான். அந்தச் சத்தம் கேட்டால் நானும் நின்றுவிடுவேன். பாம்போ காட்டுப்பூனையோ அந்தப் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். எத்தனையோ தடவை என் காலைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறான்.

இனி விசயத்துக்கு வருகிறேன். இந்தப் பாட்டு யாருக்காக?

கேட்கிறவர்கள் எல்லோரும் தனக்காகத்தான் பாடுகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். "ஆகா, இயற்கையின் சங்கீதம்" என்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நானும் ரொம்ப வருசம் அப்படித்தான் நினைத்திருந்தேன். சாயங்காலம் சாளையில் உட்கார்ந்து டீ குடிக்கிற எனக்கு ஓசியில் ஒரு கச்சேரி என்று நினைப்பு.

அது கச்சேரி இல்லைங்க. அது பட்டா. "மூங்கில் புதரில் இருந்து சாய்ந்த மருதமரம் வரைக்கும் எனது. இதுக்குள் இருக்கிற வண்டும் புழுவும் எனது. இந்தப் பொந்து எனது, இங்கே இருக்கிற பெட்டை என் பெட்டை. இன்னொரு ஆண் உள்ளே கால் வைக்காதே." இதைத்தான் காலையும் மாலையும் படித்துக்கொண்டிருக்கிறான். நமக்குத் தாலுகா ஆபீஸில் ஒரு தடவை பதிந்தால் போதும். அவனுக்கு ஆபீஸ் கிடையாது. தினமும் ரெண்டு வேளை தொண்டையால் பதிய வேண்டும். பெட்டையைக் கூப்பிடவும் அந்தப் பாட்டுதான், பக்கத்து ஆணைத் தள்ளி நிறுத்தவும் அந்தப் பாட்டுதான்.

இது எனக்குச் சட்டென்று புரிந்ததுக்குக் காரணம் உண்டு. பதினைந்து வருசத்துக்கு முன்னால் எங்கள் தெற்கு வரப்பில் எல்லைக்கல் ஒரு நாள் ராத்திரி நாலடி உள்ளே வந்துவிட்டது. கல் தானாக நடக்காது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் நிரூபிக்க வேண்டியது நான். ரெண்டு வருசம் அலைந்தேன். சர்வேயருக்குப் பணம் கட்டு, வரைபடம் வாங்கு, வாய்தாவுக்குப் போ. ராத்திரி தூக்கம் வராது. விடிந்ததும் முதல் வேலை அந்த வரப்பைப் போய்ப் பார்ப்பது. அந்த ரெண்டு வருசமும் தென்னைக்கு உரம் வைக்கவில்லை, மாட்டைப் பார்க்கவில்லை. எல்லாம் எங்க வீட்டம்மா தலையில். நாலடி நிலத்துக்காக நாலரை ஏக்கரையும் காயப்போட்டேன். மண்ணை வைத்துப் பிழைக்கிறவனுக்கு எல்லையில் ஒருத்தன் வந்து நின்றால் வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது நீங்கள் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைக்கிறீர்களே, அதை யோசித்துப் பாருங்கள்.

எவனோ ஒருத்தன், முன்னே பின்னே தெரியாதவன், அவன் வீட்டு நடுவில் உட்கார்ந்து "இது என் இடம்" என்று சத்தமாகப் பாடுகிறான். குரல் இருக்கிறது, ஆள் இல்லை. விரட்டினால் ஓடுவதும் இல்லை, களைத்துப்போய் நிறுத்துவதும் இல்லை. நிஜமான பகையாளியாக இருந்தால் ரெண்டு பாட்டு, ஒரு துரத்தல், முடிந்தது. தோற்றவன் போய்விடுவான். பேட்டரியில் பாடுகிற பகையாளி எப்போது போவான்? நீங்கள் போட்டோ போதும் என்று நினைக்கும்போதுதான் போவான்.

நான் இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை. கண்ணால் பார்த்தேன். அதுவும் காசு வாங்கிக்கொண்டு பார்த்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

போன வருசம் சித்திரையில் நாலு பேர் வந்தார்கள். நல்ல படித்த பிள்ளைகள். ஆளுக்கு ஐநூறு என்று ரெண்டாயிரம் கையில் கொடுத்தார்கள். மோட்டார் காயில் எரிந்துபோய்க் கிடந்த சமயம். வாங்கிக்கொண்டேன். மருதமரத்தில் ஆள் உயரத்தில் ஒரு பொந்து. அதில் கூடு இருந்தது எனக்குத் தெரியும். பெட்டை வேரும் சருகும் கொண்டுபோய்க் கட்டினதை எல்லாம் பார்த்திருக்கிறேன். அடை உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தைக் காட்டினதும் நான்தான்.

ஒருத்தர் பையில் இருந்து சின்ன ஸ்பீக்கர் எடுத்து வேரடியில் வைத்தார். போனில் எதையோ தட்டினார். பாட்டு வந்தது. ஒரு நிமிசம்கூட ஆகவில்லை, நம்ம ஆள் வந்துவிட்டான். பட்டப்பகலில், வெயிலில், நாலு மனுசன் நிற்கும்போதே வந்துவிட்டான். எத்தனை வருசமாக நான் சத்தம் போடாமல் உட்கார்ந்து பார்த்தாலும் அரை நிமிசத்துக்கு மேல் வெளியே நிற்காதவன். வாலை விரித்து, தலையைத் தாழ்த்தி, இந்தக் கொப்புக்கும் அந்தக் கொப்புக்கும் பாய்கிறான். ஸ்பீக்கர் மேலேயே போய் உட்கார்ந்தான். கேமரா எல்லாம் மழை பெய்கிற மாதிரி கிளிக் கிளிக். "செம்ம ஆக்டிவ்!" என்று ஒருத்தர் சந்தோசப்பட்டார். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. நம்ம பள்ளத்துப் பாட்டுக்காரன் இவ்வளவு தைரியசாலியா என்று நினைத்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் நடந்தது. நடுவில், "பொந்து சரியாத் தெரியலைங்கய்யா" என்று சொல்லி வாசலை மறைத்துக்கொண்டிருந்த கொடியை ஒருத்தர் அறுத்துவிட்டார். நானும் சும்மா நின்றேன். அடுத்த வாரம் அவர்கள் சொல்லி இன்னொரு கூட்டம். மறுபடி ஸ்பீக்கர்.

அடுத்த நாள் காலையில் பொந்துக்கு மேலே வால்காக்கை உட்கார்ந்திருந்தது. உள்ளே பார்த்தேன். ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் பாட்டு இல்லை. மறுநாளும் இல்லை. நாலாம் நாள் எங்க வீட்டம்மா, "பள்ளத்துல சத்தத்தையே காணோம், என்னாச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்த ரெண்டாயிரம் மோட்டார் காயில் கட்டப் போய்விட்டது. மோட்டார் ஓடுகிறது. சாயங்காலம் அதன் சத்தம் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

"வால்காக்கை தின்றதுக்குக் கேமரா என்ன பண்ணும்?" என்று கேட்பீர்கள். வால்காக்கை நேற்றைக்கு வந்த பறவை இல்லை. எப்போதும் அங்கேதான் இருக்கிறது, கூடு தேடிக்கொண்டுதான் இருக்கிறது. அதுக்காகத்தான் வாசலில் கொடி இருந்தது. அதுக்காகத்தான் பெட்டை தனியாக அடை உட்காரும்போது ஆண் காவலுக்கு நிற்கிறான். கொடியை அறுத்தது யார்? காவல்காரனை ஸ்பீக்கரோடு சண்டை போட அனுப்பினது யார்? பெட்டை பயந்து வெளியே வரும்படி பொந்துக்கு எதிரில் நின்றது யார்? நீங்களும் நானும்தான்.

இதைச் சொன்னால் வழக்கமாக வருகிற பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

"பறவைக்குப் பிடித்துத்தானே கிட்டே வருகிறது?" உங்கள் வீட்டு வாசலில் ஒருத்தன் நின்று "இந்த ஃபிளாட் என்னுது, வெளிய வாடா" என்று கத்தினால் நீங்களும்தான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவீர்கள். பிடித்தா வருவீர்கள்?

"அஞ்சு நிமிசம்தானே போடறோம்?" உங்களுக்கு அஞ்சு நிமிசம். ஆனால் வாரக் கடைசிக்கு எத்தனை வண்டி வருகிறது? படத்தைப் போட்டு, இடத்தின் பேரையும் போட்டு, அதைப் பார்த்து அடுத்த வண்டி வருகிறது. ஒவ்வொருத்தருக்கும் அஞ்சு நிமிசம்தான். அவனுக்கு அது ஒரே பகையாளி, திரும்பத் திரும்ப வருகிற பகையாளி. கோழிமுட்டையில் பாதி எடை இருக்கிற உடம்பு அது. பாய்கிற நேரமெல்லாம் இரை தேடாத நேரம்.

"படம் போட்டால்தானே மக்களுக்கு விழிப்புணர்வு வரும்?" வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சண்டைக்கு வால் விரித்து நிற்கிறவனைப் படம் பிடித்து, கீழே "ஆனந்தத்தில் பாடும் சோலைபாடி" என்று எழுதினால் அது விழிப்புணர்வு இல்லை, பொய். கோர்ட்டு வாசலில் நான் நின்ற முகத்தைப் படம் பிடித்து "மகிழ்ச்சியில் விவசாயி" என்று போடுகிற மாதிரி.

"உள்ளூர்க்காரங்களுக்கு நாலு காசு கிடைக்குதே?" கிடைக்கிறது, நான் வாங்கினேனே. எங்களுக்குக் காசு தேவைதான். தேங்காய் விலை இறங்கின மாசம் யார் எதைக் கொடுத்தாலும் கை நீளும். அது தெரிந்துதான் நீட்டுகிறீர்கள். பள்ளத்துக்கு மேலே ஒரு ரிசார்ட் இருக்கிறது. பறவை பார்க்க வாங்க என்று போர்டு. கரையில் இருந்த புதரை எல்லாம் வழித்துவிட்டுப் புல்தரை போட்டிருக்கிறார்கள். பறவை போய்விட்டது. இப்போது ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, டப்பாவில் புழு வைத்துக் காட்டிலிருந்து இழுக்கிறார்கள். வீட்டை இடித்துவிட்டு வாசலில் சோறு வைக்கிற தர்மம் இது.

கடைசியாக ஒரு கேள்வி. இதுதான் நியாயமான கேள்வி. "மருந்து அடிக்கிற விவசாயி நீ, எங்களுக்குச் சொல்ல வந்துட்டியா?"

ஆமாங்க, அடித்தேன். 2016 வாக்கில் எங்கள் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி ஆகிவிட்டது. பயந்துபோய் கடைக்காரர் சொன்னதை எல்லாம் வாங்கி அடித்தேன். ஈ போகவில்லை. அதைத் தின்கிற பூச்சிதான் முதலில் போனது. சருகுக்குள் இருந்த வண்டும் போனது. அந்த வருசம் தோப்புக்குள் ஒரு பறவை இறங்கவில்லை. அதுக்குப் பிறகுதான் வேப்பெண்ணெய்க் கரைசலும், தண்ணீர் பீச்சி அடிப்பதுமாக மாறினேன். எங்கப்பாரு காலத்தில் இட்டேரி ரெண்டு பக்கமும் கிளுவை வேலியும் கொடியும் அடர்ந்து கிடக்கும். அதை வெட்டிக் கம்பிவேலி போட்டவனும் நான்தான். எங்கள் பாவக்கணக்கு பெரிசு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கணக்கைக் காட்டி உங்கள் கணக்கைத் தள்ளுபடி செய்ய முடியாது. நான் மருந்தை நிறுத்தினேன். நீங்கள் ஸ்பீக்கரை நிறுத்துங்கள்.

எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள் என்று சொன்னால் அது அநியாயம். ரெண்டு வருசத்துக்கு முன்னால் ஆராய்ச்சிப் படிப்புக்காக ஒரு பெண் வந்தது. மூணு வாரம் இருந்தது. மண் நிறத்தில் ஒரு சட்டை, கையில் ஒரு நோட்டு. விடியக்காலம் அஞ்சரைக்குப் பள்ளத்தில் போய் உட்காரும். அசையாது. முதல் ரெண்டு நாள் நம்ம ஆள் "டக் டக்" என்றே இருந்தான். மூணாம் நாள் அந்தப் பொண்ணு உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரிலேயே சருகைக் கிளறிக்கொண்டிருந்தான். கூட்டுப் பக்கம் அது போகவே இல்லை. "முட்டை பொரிக்க 12 நாள்ல இருந்து 15 நாள், குஞ்சு பறக்கறதுக்கு இன்னொரு 12 நாள். ஒரு மாசம்கூட இல்லைங்க மாமா. அந்த ஒரு மாசம் நாம தள்ளி இருந்தா என்ன குறைஞ்சு போயிருவோம்?" என்று கேட்டது. போன வருசம் சித்திரையில் அந்த வார்த்தை எனக்கு ஞாபகம் வரவில்லை. ரெண்டாயிரம் ரூபாய்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தப் பொண்ணு சொன்ன இன்னொரு கதை, மறக்கவே முடியாதது. 1889இல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்று எட்டு வயசுப் பையன். வீட்டில் எடிசன் கண்டுபிடித்த மெழுகு உருளை மெஷின் இருந்தது. கூண்டில் ஒரு பறவை வளர்த்தான். அதன் பாட்டை அந்த மெஷினில் பிடித்தான். நமக்குத் தெரிந்தவரை உலகத்திலேயே முதன்முதலில் பதிவு செய்த பறவைப் பாட்டு அதுதானாம். அந்தப் பறவை எது என்று நினைக்கிறீர்கள்? நம்ம சோலைபாடி. மனுசன் முதலில் பிடித்து வைத்த குரல் இவன் குரல். அதுவும் கூண்டுக்குள் இருந்து பாடின குரல். இன்றைக்கு அதே குரலைப் பிடித்துக்கொண்டுவந்துதான் இவனை வெளியே இழுக்கிறோம்.

இவன் பாட்டை உலகம் ரசித்த மாதிரி வேற எந்தக் குருவியின் பாட்டையும் ரசித்திருக்குமா என்று தெரியாது. ரசித்ததன் பலன் என்ன என்று மட்டும் பாருங்கள். 1931இல் கப்பலேற்றிக் கொண்டுபோய் ஹவாயில் காவாய் தீவில் விட்டார்கள், 1940இல் ஓவாஹு தீவில் விட்டார்கள். அவனுக்குச் சம்பந்தமே இல்லாத மண். இந்தோனேசியாவில் இவனுக்கு "முராய் பத்து" என்று பேர். கூண்டில் வைத்துப் பாட்டுப் போட்டி நடத்துகிறார்கள், ஜெயிக்கிற பறவைக்கு ஏக விலை. விளைவு, ஜாவாத் தீவில் காட்டில் இவனைப் பார்ப்பதே அபூர்வம் என்று ஆகிவிட்டது. 2022 நவம்பரில் பனாமாவில் உலக நாடுகள் கூடி, இவனை நாடு விட்டு நாடு விற்பதுக்குக் கட்டுப்பாடு போட வேண்டிவந்தது. ரசிக்கிறவன் எல்லாம் நல்லது செய்கிறவன் இல்லை. ஆசை ஒரு இடத்தில் கூண்டாக வந்தது, ஒரு இடத்தில் கப்பலாக வந்தது, நம்மிடம் ஸ்பீக்கராக வருகிறது.

"நாங்க என்ன வேட்டையா ஆடறோம்?" என்று கேட்பவர்களுக்காகச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் வருசத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் என்ன என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். சுடுவதும் கண்ணி வைப்பதும் மட்டும் வேட்டை இல்லை. இரை வைத்து இழுப்பதும் அதில் வருகிறது. காட்டுப்பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் அதில் வருகிறது. கொடியை அறுத்த கை துப்பாக்கி பிடிக்கவில்லை, சரி. ஆனால் சட்டம் அதையும் வேட்டை என்றுதான் சொல்கிறது. அதுக்குத் துணை போனவன் என்கிற பட்டியலில் என் பேரும் இருக்கிறது.

இப்போது கேரண்டி கேட்ட தம்பிக்கு வருகிறேன்.

தம்பி, உன் மேல் எனக்குத் தனியாகக் கோபம் இல்லை. நீ மரியாதையாகத்தான் கேட்டாய். எதையும் கேரண்டியோடு வாங்கிப் பழகின ஊரில் நீ இருக்கிறாய். ஆறரைக்கு வந்து ஒன்பதுக்குள் படத்தை எடுத்துக்கொண்டு டிபனுக்குப் போய்விட வேண்டும். ஆனால் எனக்கே இங்கே எதுக்கும் கேரண்டி கிடையாது. மழைக்குக் கிடையாது, விலைக்குக் கிடையாது. யானை இறங்காது என்று கிடையாது. உனக்கு மட்டும் 30 கிராம் குருவியைக் கட்டி வைத்துக் கொடுக்க நான் யார்?

ஒன்று சொல்கிறேன். இந்த மாசி பிறந்ததும் பள்ளத்தில் மறுபடி பாட்டுக் கேட்டது. போன வருசத்து ஆளா, புதுசாகக் குடிவந்தவனா, எனக்குத் தெரியாது. எங்க வீட்டம்மாதான் முதலில் கேட்டாள். "வந்துட்டானுங்க" என்று சாளை வாசலில் இருந்து கூப்பிட்டாள். நான் மம்முட்டியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றேன். நேற்று பெட்டையையும் பார்த்தேன், அலகில் வேர் இருந்தது. எங்கே கட்டுகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்கவில்லை. இந்தத் தடவை எனக்குத் தெரியாமலே இருக்கட்டும். தெரிந்தால்தானே யாருக்காவது காட்டுவேன்.

எங்கள் பக்கம் விருந்தாளியை ஒரம்பரை என்போம். நீங்கள் ஒரம்பரையாக வாங்க. காசு வேண்டாம். விடியக்காலம் அஞ்சரைக்குச் சாளையில் இருங்க. வரக்காப்பி போட்டுத் தருகிறோம். பேசாமல் உட்காருங்க. போனை அணைத்து வைங்க. புழு டப்பா வேண்டாம், அரிவாள் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். பாட்டைக் கேட்டு எங்கே இருக்கிறான் என்று காதால் தேடுங்க. கொஞ்ச நேரம் கழித்துப் புதருக்குள் ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சென்று போகும். அதுதான் அவன். படம் கிடைத்தால் எடுத்துக்கோங்க. ஊர் பேரைப் போடாதீங்க.

அவன் வெளியே வராமலே போனாலும் போகலாம். அப்படி ஆனால் இன்னொரு காப்பி குடித்துவிட்டுக் கிளம்புங்க, அடுத்த தடவை பார்க்கலாம்.

ஸ்பீக்கரோடு வந்தால் மட்டும் பள்ளத்துக்குள் விட மாட்டேன். தார் ரோட்டிலேயே நிறுத்திவிடுவேன். என் எல்லை எது என்று எனக்கும் தெரியும்.